ஓட்ஸ் சாப்பிடாத ஆடு

ஆர்வில் எதையும் தின்னும் ஆடு. போன வாரம் என் தொப்பியைத் தின்றது. அதற்கு முந்தைய வாரம் வானிலை சொல்பவரின் வரைபடத்தை. சிகாகோவில் டிவி வாங்கிய வீடுகளில் எல்லாம், அடுத்து எதைத் தின்னும் என்று பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஆட்டுக்குள் இருந்தது வெர்னனின் வலது கை. நான் பொம்மை மேடைக்கு முன்னால் நின்று ஆட்டோடு பேசுகிறவள். எழுதிவைத்த வசனம் கிடையாது. எல்லாம் நேரலை.

அன்று ஓட்ஸ் கம்பெனியிலிருந்து மிஸ்டர் டில் வந்திருந்தார். அவர் விளம்பரம் கொடுத்தால் நாங்கள் உண்டு. இல்லையென்றால் திங்கள்கிழமை முதல் எங்கள் நேரத்தில் மல்யுத்தம்.

"ஆடு ஒரு வாய் சாப்பிடணும். நல்லா இருக்குன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"என் தொப்பியையே சாப்பிட்டுச்சு சார்."

"தொப்பியையும் எங்க ஓட்ஸையும் ஒண்ணா பேசாதீங்க மேடம்."

வெர்னன் மேடைக்குக் கீழே மண்டியிட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவான். ஆடு அவன் கண்ணுக்கு நேராகத் தெரியாது. முன்பக்க மெல்லிய துணி வழியே, எதிரே மாட்டிய கண்ணாடியில்தான் அதைப் பார்ப்பான். கண்ணாடி விளக்கொளியைக் கேமராவுக்குள் அடிக்கிறது என்று அன்று என்ஜினியர் அதைக் கழற்றிவிட்டார். பதிலுக்கு வெர்னனின் முழங்காலருகே சின்ன டிவி ஒன்றை வைத்தார்.

"கேமரா பார்க்கிறதையே இனிமே நீங்களும் பார்க்கலாம்."

வெர்னனுக்குச் சந்தோஷம். ஒத்திகை பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. ஓட்ஸ் கிண்ணத்தை ஆட்டின் பக்கத்தில் வைத்தேன். ஆடு மறுபக்கம் திரும்பியது.

"இங்கடா, ஆர்வில்."

இன்னும் தள்ளிப் போனது. மேடை ஓரத்தில் முட்டிக்கொண்டது. கேமராக்காரரின் தோள் சிரிப்பில் குலுங்கியது. டில் வாயிலிருந்து பைப்பை எடுத்தார்.

அப்போதுதான் புரிந்தது. கண்ணாடியில் வெர்னனின் வலப்பக்கம் வலதாகவே தெரியும். கேமரா படத்தில் அது இடதாகிவிடும். வெர்னன் திருத்தத் திருத்த விலகிப் போனான். எப்படிச் சொல்வது? ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது.

"என்னடா, தொப்பி இறங்குச்சு, ஓட்ஸ் இறங்கலையா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆடு நின்றது. "நானா மாட்டேங்கிறேன்? என்னைப் பார்த்தா அது ஓடுது!"

"கிண்ணத்துக்குக் கால் இருக்கா?"

"ருசியானதுதான் ஓடும், அடேல். உன் தொப்பி அசையாம உட்கார்ந்திருந்துச்சு பாரு."

பிறகு கிண்ணத்தைப் பிடிக்கப் பாய்ந்தது. குறி தப்பி வெறும் காற்றில் விழுந்தது. தலை மேடை விளிம்பில் தொங்க, இசை வந்து முடித்துவைத்தது.

டில் நடந்து வந்தார்.

"சாப்பிடவே இல்லை."

"இல்லை சார்."

"திங்கள்கிழமையும் சாப்பிடக் கூடாது. எப்போ சாப்பிடும்னு பிள்ளைங்க காத்திருக்கட்டும். அதுவரைக்கும் எங்க கிண்ணம் படத்துல இருக்கும் இல்ல?" ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். "சாப்பிட்டுட்டா அதோட சரி. மல்யுத்தம்தான்."

வெர்னனிடம் இதைச் சொன்னதும், "தப்பு பண்றதுக்கா சம்பளம்? வாழ்க்கை பூரா வேற என்ன பண்ணேன்!" என்றான்.

ஆனால் டிவியிடம் தோற்றது அவனுக்கு உறுத்தியது. சனி, ஞாயிறு முழுக்க அதன் முன் உட்கார்ந்து, படத்தைப் பார்த்தே கையைச் சரியாக நகர்த்தப் பழகினான்.

திங்கள்கிழமை கிண்ணத்தை வைத்தேன். வெர்னன் விலக நினைத்தான். பழகிய கைக்கு இப்போது விலகத் தெரியவில்லை. ஆடு நேராக ஓட்ஸை நோக்கி வந்தது. வாய் திறந்தது. ஸ்டுடியோவின் கண்ணாடிச் சுவர் அறைக்குள் டில் எழுந்து நின்றார்.

கிண்ணத்தைப் பறித்துக்கொண்டு ஓடினேன்.

"பாத்தீங்களா! ஓடுது!" ஆடு பின்னால் கத்தியது. "பிள்ளைங்களா, பிடிங்க அவளை!"

பொம்மை மேடையைத் தாண்டிவிட்டேன். கேமரா என் பின்னால் திரும்பியது. நான் நிற்கவில்லை.