சொல் மறந்தால் கைதட்டல்

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. பாடகி வரியை மறந்தால் யாருக்கும் தெரியாது. ஜாஸ் பாடுகிறவள் சொல்லை விட்டுவிட்டு 'டூபி டாபா' என்று குரலையே வாத்தியமாக்கினால் அதற்கு ஸ்காட் என்று பேர். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். என் மனைவி டெல்ஃபீன் அதில் கெட்டிக்காரி. அதை வைத்துத்தான் பாரிஸ் வரை போய்ப் பேர் வாங்கினாள். அவளுக்குப் பின்னால் நின்று, ஆளுயர வயலின் போன்ற டபுள் பாஸை வாசிப்பவன் நான், ரூஃபஸ்.

போன குளிர்காலம் சிகாகோவில்தான் முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது. மெதுவான காதல் பாட்டு. காதலன் கதவைச் சாத்திக்கொண்டு போகிற வரியில் ஸ்காட்டுக்கு என்ன வேலை? அவள் அங்கே போய் 'டூபி' என்றாள். கூட்டம் கிறங்கிப் போனது. ஒரு பத்திரிகைக்காரன், இந்த வயதில் இவருக்குப் புதிய சுதந்திரம் கிடைத்திருக்கிறது என்று எழுதினான். அவன் தலையில் இடி விழ. அதற்குப் பிறகு செயிண்ட் லூயிஸிலும் மில்வாக்கியிலும் அந்தச் சுதந்திரம் வந்தது. ஒவ்வொரு முறையும் கைதட்டல் கூடியது, எனக்கு மட்டும் அவள் விட்ட வரி காதில் விழுந்தது. வீட்டில் சரியாகத்தான் இருந்தாள். அல்லது நான் கண்டும் காணாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இந்த நிலையில் டொலிடோவிலிருந்து அழைப்பு வந்தது. அவள் பிறந்த ஊர். ஆற்றங்கரையில் ஜாஸ் விழா, கடைசிக் கச்சேரி அவளுடையது. முடிக்க வேண்டிய பாட்டைச் சொல்லவே வேண்டாம்: 'ஹார்லன் தெரு'. அவளே எழுதியது. சாலையை அகலமாக்குகிறோம் என்று இடித்துத் தள்ளிய எங்கள் கறுப்பர் கடைத்தெருவை, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பாட்டிலேயே நடந்து காட்டுவாள். கடை கடையாக, முதலாளி பெயரோடு. அந்தப் பாட்டில் மட்டும் ஸ்காட் கிடையாது. ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு குடும்பம் விட்டுப்போன மாதிரி.

அவள் தங்கை வெர்னெட்டா வீட்டில் தங்கினோம். மத்தியானம் பெர்ச் மீன் பொரித்துக்கொண்டே வெர்னெட்டா செய்தி சொன்னாள்.

"மீன்கடை ஸ்ட்ரிக்லண்ட் குடும்பம் மொத்தமும் முன்வரிசை. அட்லாண்டாவுலேருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கு. தாத்தா பேர் வர்றப்ப எழுந்து நிக்கணும்னு ஒரே மாதிரி நீலச் சட்டை வேற தெச்சிருக்காங்க."

"எத்தனை குடும்பம் இந்த மாதிரி?"

"எல்லாம்தான். ஏன், உனக்கென்ன மூஞ்சி இப்படிப் போகுது? நீயா பாடப் போற? சாஸை இந்தப் பக்கம் தள்ளு."

டெல்ஃபீன் ரொட்டியில் மீனை வைத்து மடித்துக்கொண்டு சிரித்தாள். "அவருக்கு மேடை பயம்டீ. இத்தனை வருஷம் பெரிய மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு வாசிக்கிறாரு, இன்னும் போகல."

சாயங்காலம் மேடைக்குப் பின்னால் கூடாரத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன். பக்கத்து ஏரியிலிருந்து கிளம்பிய பூச்சிகள் விளக்கு, நாற்காலி, அவள் தோள் என்று எல்லா இடத்திலும் அப்பிக்கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். பாட்டைப் பெரிய எழுத்தில் எழுதி ஒரு தாள் கொண்டுவந்திருந்தேன்.

"இதை ஸ்டாண்டுல வெச்சுக்க. யாருக்கும் தெரியாது."

தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் எழுதின பாட்டை எனக்கே எழுதித் தர்றியா? எப்பலேருந்து வாத்தியாரானே?"

"இல்லன்னா வேற பாட்டால முடிச்சிடலாம், கண்ணு. தொண்டை சரியில்லன்னு நான் சொல்லிக்கறேன்."

"ரூஃபஸ்." குரல் இறங்கிவிட்டது. "சிகாகோவுலேருந்து நீ என்னைக் கேக்கறதில்ல. காதை வெச்சுச் சோதிக்கறே, டாக்டர் மாதிரி. நான் விழுவேனா விழுவேனான்னு பின்னாடி ஒருத்தன் காத்துக்கிட்டு நின்னா நான் எப்படிப் பாடுறது? நீ பாஸ் வாசி. அது போதும்."

அப்படியென்றால் அவளுக்கும் தெரியும். நான் தாளை மடித்துப் பையில் போட்டேன். எனக்கு அழவேண்டும் போல இருந்தது. பியானோ டெரன்ஸ் தலையை நீட்டி, "மிஸ் டெல்ஃபீன், கூப்பிடறாங்க," என்றான்.

மற்ற பாட்டெல்லாம் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள், எனக்கு நினைவில்லை. 'ஹார்லன் தெரு' தொடங்கியதும் நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். முடிதிருத்தகம் வந்தது. சவப்பெட்டிக் கடை வந்தது, அதன் முதலாளியின் முழுப் பெயரோடு. ஒவ்வொரு பெயருக்கும் புல்வெளியில் ஒரு குடும்பம் எழுந்து நின்றது. மீன்கடைக்கு முன்னால் அவள் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்தாள். என் உயிர் என்னிடம் இல்லை. "ஸ்ட்ரிக்லண்ட்!" என்றாள். நீலச் சட்டைகள் மொத்தமும் துள்ளி எழுந்தன. தையல்கடை, மருந்துக்கடை, மூலையில் சூதாட்டம் நடந்த சோடாக் கடை வரை ஒன்றுகூட விடவில்லை. கடைசிப் பெயர் முடிந்தபோது நான் பாஸில் சாய்ந்து மூச்சு விட்டேன். பாவி, இவளை எப்படிச் சந்தேகப்பட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் பாட்டு என் காதில் பாட்டாக விழுந்தது.

தாளம் ஓடிக்கொண்டிருக்க, வழக்கம்போல் குழுவை அறிமுகப்படுத்தத் தொடங்கினாள். "பியானோவுல, என் பையன் மாதிரி, டெரன்ஸ்!" கைதட்டல். "டிரம்ஸுல, டிட்ராய்ட்டுலேருந்து மார்கஸ்!" கைதட்டல். அப்புறம் என் பக்கம் திரும்பி, கையை நீட்டினாள்.

"பாஸுல..."

சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் என் முகத்தில் எதையோ தேடியது. பிறகு வாயைத் திறந்து எனக்காக ஒரு ஸ்காட் பாடினாள். டூபி-யா-டாபா, மேலே போய், சுழன்று, இறங்கி வந்தது. அன்று மாலை வேறெதையும் அவள் அவ்வளவு அழகாகப் பாடவில்லை. கூட்டம் ஹோவென்றது. முன்வரிசையில் வெர்னெட்டா, "கிழங்களுக்கு இன்னும் காதல் போகல பாரு!" என்று கத்திக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

என் கை தந்தியை விடவில்லை. டெல்ஃபீன் மைக்கோடு என் அருகே வந்து நின்றாள். காத்திருந்தாள். நான் குனிந்து அவள் காதில், "ரூஃபஸ்," என்றேன்.

அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். புதிதாக வந்தவரிடம் அசைப்பது போல. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"இவர் பேரு ரூஃபஸாம்! நல்லா வாசிக்கிறாரு இல்ல?"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.