கை நனைக்கும் இடம்

சூளகிரியைத் தாண்டியதும் அக்கா சுப்ரியா பின் சீட்டிலிருந்து முன்னால் குனிந்து அப்பாவின் தோளில் கை வைத்தாள். "ரெண்டே விஷயம்ப்பா. சாப்பாட்டப் பத்திப் பேசக்கூடாது. கட்சியப் பத்திப் பேசக்கூடாது." அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "அப்ப என்னைய எதுக்கும்மா கூட்டிட்டுப் போறீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். காரை ஓட்டிக்கொண்டிருந்த நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பா சௌந்தரராஜன் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் செய்துகொண்டு வருவதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, சரியில்லை என்று சொல்வதற்காக மாதச் சம்பளம் வாங்குகிறவர். விருதுநகரிலிருந்து இளவயதில் இங்கே வந்ததிலிருந்து இதே வேலை. மற்றவர்கள் கம்பெனி ஷூவைக் கழற்றி வைப்பதுபோல வேலையையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். உலகத்தில் உள்ளவை அவருக்கு இரண்டு வகை. ரீவொர்க் செய்தால் தேறக்கூடியவை, நேராக ஸ்க்ராப்புக்குப் போக வேண்டியவை. எங்கள் வீட்டு இட்லியும் நானும் முதல் வகை. கட்சிகளும் ஓட்டல்களும் இரண்டாவது வகை.

இதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதுதான் என் வருத்தம். காலேஜில் நான் பெரிய கலகக்காரனாக அறியப்படுகிறவன். வீட்டுக்கு வந்தால் அப்பா எனக்கு முன்பே எல்லாவற்றையும் திட்டி முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஓசூர் சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று அது இன்னும் முடிவு செய்யவில்லை. பெங்களூர்க்காரன் முகம் சுளிக்கக்கூடாதென்று வெல்லம், மதுரைக்காரன் கோபித்துக்கொள்ளக்கூடாதென்று மேலே மிளகாய்த்தூள், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவனுக்காக மிதக்கும் எண்ணெய். தேர்தல் அறிக்கை மாதிரி எல்லாருக்கும் அதில் ஏதோ ஒன்று உண்டு, சாப்பிடத்தான் முடியாது. கோடையில் எங்கள் தெருமுனையில் நீர்மோர்ப் பந்தல் திறந்தார்கள். திறந்த அன்று பானையில் மோர் இருந்தது. மறுநாள் பானை மட்டும் இருந்தது. அதற்கப்புறம் பானையும் போய், மோர் குடிப்பதுபோல் சிரிக்கும் கவுன்சிலரின் ஃபிளெக்ஸ் மட்டும் மழைக்காலம்வரை நின்றது. திறப்பு விழாவில் அப்பா ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "மோர ஊத்துனீங்களா, தண்ணிக்கு மோர் போட்டோவக் காட்டுனீங்களா?" என்று கவுன்சிலரிடமே கேட்டார். எங்கள் வீட்டு வாசல் சாக்கடையை அதற்குப் பிறகு யாரும் வந்து அள்ளவில்லை.

வீட்டுச் சமையல் வேறு கதை. அம்மா தங்கமணி தர்மபுரிப் பக்கம். அவர் சமையலில் பாதி பிரமாதமாக இருக்கும். எந்தப் பாதி என்று அவருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். பச்சைப்பயறு கடைந்து, களி கிண்டி வைத்தால் அப்பாவே பேசாமல் சாப்பிடுவார். ஆனால் அதெல்லாம் விருந்தாளிக்குப் போடக் கூச்சப்படவேண்டிய சாப்பாடு என்று அம்மாவுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். யாராவது வந்தால் போனைப் பார்த்துப் பன்னீர் பட்டர் மசாலா செய்வார். சிவப்புச் சட்டை துவைத்த தண்ணீரில் ரப்பர் மிதப்பதுபோல் இருக்கும் அது. அப்பா வாயைத் திறந்ததும் அம்மா எழுந்துபோய் மிக்ஸியைப் போட்டுவிடுவார். அரைப்பதற்கு உள்ளே எதுவும் இருக்காது. எங்கள் வீட்டில் இல்லறம் இப்படித்தான் இத்தனை காலம் ஓடுகிறது.

கிருஷ்ணகிரிக்கு மிக்ஸியைக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் சுப்ரியாவுக்குப் பயம்.

அவளும் மோகன்குமாரும் ஓசூரில் ஒரே கம்பெனியில் ஒரே ஷிஃப்டில் வேலை செய்கிறவர்கள். கல்யாணம் என்று இருவரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். இருந்தாலும் இரண்டு வீட்டாரும் இதைப் பெரியவர்கள் பார்த்துப் பேசும் சம்பந்தமாகவே நடத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே. பையனுடைய அப்பா கரியப்பன் சிங்காரப்பேட்டையில் கொஞ்சம் மாந்தோப்பும், கட்சியில் கிளைச் செயலாளர் பதவியும் வைத்திருந்தார். தோப்பில் காய்ப்பு உண்டு. எங்களில் பேச்சு முடிகிறவரை ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கக்கூடாது. காபி குடிக்கலாம். சோறு சாப்பிட்டுவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அதனால் யார் வீடும் இல்லாமல் பொதுவாகக் கிருஷ்ணகிரியில் ஒரு ஓட்டல். பேசுவது, பிடித்திருந்தால் பையன் வீட்டார் இலை போடச் சொல்வது, பெண் வீட்டார் கை நனைப்பது. பையனின் அம்மா ராஜாத்தி முந்தின நாளே போனில் அம்மாவிடம் சொல்லியிருந்தார்: "எங்கூட்டுக்காரருக்குப் பேச்சு பெருசில்லீங்க. சோத்துல கை வெக்கணும். பெரியவனுக்குப் பாத்த எடத்துல பொண்ணோட அப்பா சுகருன்னு எலைய மூடிட்டாருங்க. அவ்ளோதான், துண்ட ஒதறிட்டு எந்திரிச்சிட்டாரு. பெரியவனுக்கு இன்னும் அமையலீங்க."

மாம்பழ சீசன். கிருஷ்ணகிரி முழுக்கக் கூழ் ஆலைகளின் வாடை. பழம் முதலில் தேனாக மணக்கும். வெயில் ஏற ஏற, யாரோ வாந்தியெடுத்துவிட்டு மேலே சர்க்கரை தூவியதுபோல் ஆகிவிடும். ஓட்டல் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், அதற்குப் பின்னால் தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்த நிஜத் தென்னை மரம். உள்ளே கல்லாவுக்கு மேலே சாமி படம் சின்னதாகவும் கட்சித் தலைவர் படம் பெரிதாகவும் மாட்டியிருந்தது. ஊதுபத்தி தலைவருக்குத்தான். கை கழுவும் இடத்தில் யாருடைய பல் குச்சிகளோ சோப்பில் குத்தி நின்றன. அப்பா அதைப் பார்த்தார், தலைவர் படத்தைப் பார்த்தார், மேஜையைத் துடைத்த துணியைப் பார்த்தார், துணி துடைத்துவிட்டுப் போன வழுவழுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். வாய் திறந்தது. சுப்ரியா கிள்ளினாள். வாய் மூடியது.

கரியப்பன் கட்சிக் கரை வேட்டியில் வந்திருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ராஜாத்தி பக்கத்தில், மோகன்குமார் அவருக்கு அடுத்து, சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. காபி வந்தது. அதில் காபி இருந்ததற்கான தடயம் நிறத்தில் மட்டும்தான். அப்பா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"ரோடு எப்டி சார் இருந்துச்சு? உள்ளாற வர்ற ரோடு எங்க ஆளுங்க போட்டது," என்றார் கரியப்பன்.

அந்த ரோட்டில்தான் எங்கள் காரின் அடிவயிறு இரண்டு இடத்தில் இடித்தது. அப்பா கொஞ்சம் மூச்சை இழுத்துவிட்டு, "பாத்தேங்க," என்றார்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பதுபோல் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கவில்லை. நகைப் பேச்சு சுமுகமாக முடிந்தது. ஆவணியில் நிச்சயம் என்று ஆனது. கல்யாணத்துக்கு மாவட்டத்திலிருந்து பெரிய ஆட்கள் வருவார்கள், மேடையில் வாழ்த்திப் பேசுவார்கள் என்றார் கரியப்பன். அதற்கும் அப்பா, "வரட்டுங்க," என்றுதான் சொன்னார். இந்த அப்பாவை வீட்டில் நான் பார்த்ததே இல்லை. கரியப்பன் மேஜையைத் தட்டினார்.

"அப்பறம் என்னங்க சம்பந்தி, எலையப் போடச் சொல்லிரலாமா?"

அதுவரை சார். இப்போது சம்பந்தி. சுப்ரியா குனிந்து துப்பட்டாவைச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

இலை வந்தது. பரிமாறியவர் நடுத்தர வயதுக்காரர். எதைப் பார்த்தும் ஆச்சரியப்படுவதை எப்போதோ நிறுத்திவிட்ட முகம். சோறு வைத்தார், பீட்ரூட் பொரியல் வைத்தார், சுரைக்காய்க் கூட்டு வைத்தார். கரண்டி இலையை விட்டு மேலே போனபோது கூட்டிலிருந்து மெல்லிய நூல் ஒன்றும் கூடவே போனது. வெளிச்சத்தில் பளபளத்து, நீண்டு, அறுந்து, அப்பாவின் இலை ஓரத்தில் சுருண்டு விழுந்தது. நான் பார்த்தேன். அம்மா குனிந்து மோந்துவிட்டுச் சத்தமில்லாமல் சோற்றைத் தள்ளிக் கூட்டை மூடினார். ராஜாத்தியும் அதையே செய்தார். இதையெல்லாம் பெண்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அப்பா மட்டும் வலது கையை மடியில் வைத்தபடி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சம்பந்தி, கை வெக்கல?"

"கூட்டு ஊசிப்போச்சுங்க."

பக்கத்து மேஜையில் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"என்ன சார்?" என்றார் கரியப்பன். சம்பந்தி போய்விட்டது.

"நூல் விடுதுங்க. காலையில வச்சதா இருக்காது. நேத்து வச்சதுதான்."

"இது எங்க மாவட்டத் துணைச் செயலாளர் கடை சார்."

"இருக்கட்டுங்க. கூட்டுக்கு அது தெரியாதுல்ல."

அம்மாவின் கை தானாக மேஜையில் மிக்ஸி ஸ்விட்ச் இருக்குமிடத்தைத் தேடியது. கரியப்பன் சிரிக்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "புடிக்கலைன்னா புடிக்கலைன்னு நேராச் சொல்லிரலாம் சார். கூட்டு மேல பழியப் போட வாணாம்."

"ஐயோ, அப்டி இல்லீங்கண்ணா," என்றார் அம்மா.

"ஏங்க, அது நெசமாலுமே…" என்று ராஜாத்தி ஆரம்பித்தார். கரியப்பன் அவரைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

அப்புறம் கரியப்பன் செய்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். தன் இலையில் இருந்த கூட்டு முழுவதையும் அப்படியே கையில் வழித்து வாயில் போட்டார். நூல் உதட்டிலிருந்து விரல்வரை இழுபட்டது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். கண் ஓரத்தில் தண்ணீர் வந்தது. விழுங்கினார். "அருமையா இருக்கு," என்றார். வாளியோடு போய்க்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "கூட்டு இன்னங்கொஞ்சம் வெய்யி," என்றார். அவர் வைத்தார். அதையும் சாப்பிட்டார். பரிமாறியவர் முதல்முறையாக ஆச்சரியப்பட்டார். எங்கள் ஊரில் ஒரே ஆட்களுக்குத் திரும்பத் திரும்ப எப்படி ஓட்டு விழுகிறது என்பது எனக்கு அந்த மேஜையில்தான் விளங்கியது. அப்பனைப் பார்த்த மோகன்குமாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். பாவம், அவன் கட்சிக்காகச் சாப்பிடவில்லை.

"இப்ப சொல்லுங்க சார்," என்றார் கரியப்பன். நெற்றியெல்லாம் வியர்வை. துண்டு இன்னும் மடியில்தான் இருந்தது. அதை எந்த நிமிடமும் உதறிவிட்டு எழுந்துவிடலாம்.

அப்பா அவர் இலையைப் பார்த்தார், தன் இலையைப் பார்த்தார். எனக்கு அவரைத் தெரியும். பிடிவாதம் இல்லை அது. கெட்டதை நல்லது என்று சொல்ல அவருக்கு நிஜமாகவே வராது. ஒரு தடவை மேனேஜர் பக்கத்தில் நின்று கெஞ்சியும் ஒரு லாரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த வருஷம் வரவேண்டிய பிரமோஷனையும் கூடவே அனுப்பி வைத்தவர். அதை நினைத்தால் எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் அந்த லாரியில் அக்கா இல்லை.

சுப்ரியா அழவில்லை. நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்திக்கொண்டு, எதிரில் இருப்பவர்களுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்ற குரலில் பேசினாள்.

"அப்பா, ஒங்க கம்பெனில பீஸ்ல கொற இருந்தாலும் சில சமயம் லைனுக்கு அனுப்புவீங்கல்ல. தெரிஞ்சே. அதுக்கு என்னமோ பேர் சொல்வீங்களே."

அப்பா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டீவியேஷன்," என்றார்.

"அதப் போடுங்க."

"அத நா போட முடியாதும்மா. இந்தக் கொற இருந்தாலும் பரவாயில்ல, வாங்கிக்கிறேன்னு கஸ்டமர் ஒத்துக்கிடணும்."

"நாந்தாம்ப்பா கஸ்டமர்."

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். எங்கள் வீட்டில் எதையும் இவ்வளவு நேரம் பார்த்துவிட்டு அவர் கருத்துச் சொல்லாமல் இருந்ததில்லை. எதிரில் கரியப்பன் எதுவும் புரியாமல் ராஜாத்தியைப் பார்த்தார். ராஜாத்தி மகனைப் பார்த்தார். மோகன்குமார் வாயில் இருந்ததை இன்னும் விழுங்கியிருக்கவில்லை.

அப்பா மடியிலிருந்த கையை எடுத்தார். சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டார். சோற்றில் ஒரு பிடியைப் பிரித்து, சாம்பாரைத் தொடாமல், கூட்டை மேலே வைத்துப் பிசைந்தார். அது கையோடு எழுந்தபோது நூலும் எழுந்தது. அவர் அதை அறுக்காமல், மறைக்காமல், அப்படியே வாயருகே கொண்டுபோய் உள்ளே வைத்தார். தாடை இரண்டு மூன்று தடவை அசைந்துவிட்டு நின்றது. கண்கள் கல்லாவுக்கு மேலே எங்கேயோ நிலைத்திருந்தன. தொண்டைக்குழி மெதுவாக மேலே ஏறியது. நான், அம்மா, சுப்ரியா, எதிரில் மூவர், வாளியும் கரண்டியுமாக நின்றவர் என எல்லோரும் அதைப் பார்த்தபடி, அது இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.