படுத்திருப்பவளுக்கு ஒரு மாத்திரை

...பாலையே கண்ணில் காட்டாத மருமகளாம், பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாளிடம் மாமியார் பாவாத்தாள் சொன்னாளே, கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தே சொன்னாளே, "இந்த ஊட்டுல ஒரு வாய் பாலு ஒழுங்காக் கெடச்சிருந்தா என்ர எலும்பு இப்புடி முறுக்காட்ட ஒடிஞ்சிருக்குமாக்கும்?" என்று. அந்த அம்மாளும் இனியாவைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வை இருக்கிறதே... இப்போது அதே எலும்புக்காகத்தான் இனியா பள்ளிக்கூட வேலை முடித்து நேராக ஆர்.எஸ்.புரம் மருந்துக்கடையில் வந்து நிற்கிறாள். கண்ணாடி மேசைமேல் மூன்று டப்பாக்கள், மூன்றிலும் சிரிக்கும் கிழவிகள், பூங்காவில் ஓடும் கிழவிகள். பாவாத்தாள் எந்தக் காலத்தில் சிரித்தாள்? குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து கட்டிலோடு கிடக்கிறாள், கிடந்தாலும் வாய் மட்டும் எழுந்து நடமாடுகிறது. கால்சியம் மாத்திரை ஒன்று எடுத்துக்கொள்ளட்டும், சாப்பாட்டிலும் சேர்க்கப் பாருங்கள் என்றார் டாக்டர். சேர்க்கவில்லையா என்ன, ராகிக்களி கிண்டினால் மண் நெறுநெறுக்கிறதாம், முருங்கைக்கீரை பொரித்தால் வயிறு பொருமுகிறதாம், எள்ளுருண்டை பல்லில் ஒட்டுகிறதாம், நெத்திலிக் குழம்பு வைத்தால் வீடே நாறுகிறதாம். தட்டை விரல் நுனியால் தள்ளுவாளே, எச்சில் தட்டைத் தள்ளுவது மாதிரி...

பால்தானே, எத்தனை நாள் இனியா ஊற்றிக் கொடுத்தாள், சூடாக, சர்க்கரை போட்டு, அந்த டம்ளர் யார் வயிற்றுக்குப் போனது? வேலன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "குடி சாமி, களைச்சுப்போயி வாரே" என்று தன் பாலை மகனுக்கு நீட்டுவாள். அவனும் வாங்கிக் குடிப்பான், தன் பங்கையும் குடிப்பான், இது யாருடைய பால் என்று அந்த மனுசன் ஒருநாள் கேட்டானா, மீசையைத் துடைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். அவன் எலும்பு மட்டும் இரும்பாக இருக்கிறது. பழி யார் தலையில்? பல்லடத்தில் அப்பா முட்டைக்கோழி வளர்த்த காலத்தில் தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலப்பார், அது குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்து முட்டை ஓட்டைக் கட்டும், முட்டை நன்றாகத்தான் வரும், கோழி ஒருநாள் கால் விரித்து விழுந்துவிடும். அதைச் சொன்னபோது, "கோழிப்பண்ணைக்காரன் மவ என்னைக் கோழிங்கறா பாரு" என்று ஒப்பாரி வைத்தாளே, அன்று வேலனும் சேர்ந்து முறைத்தானே...

"ஏனுங்கக்கா, யாருக்குங்க?" என்று மருந்தாளுநர் உம்மல் குல்சும் கேட்டாள். மாமியாருக்கு என்று சொல்லும்போதே இனியாவின் வாய் கசந்தது. நெஞ்செரிச்சலுக்கு ஏதும் மாத்திரை போடுகிறார்களா என்றாள் குல்சும், ஆமாம், காலையில் வெறும் வயிற்றில். கிட்னியில் கல் உண்டா, இல்லை. மலச்சிக்கல்? அதைப் பற்றித்தான் தினமும் முழுக்க வர்ணனை கேட்கிறோமே. "அப்பக் கால்சியம் சிட்ரேட் பாருங்க. கார்பனேட்டு வவுத்துல அமிலம் இருந்தாத்தான் ஒடம்புல நல்லா ஒட்டும், நெஞ்செரிச்சல் மாத்திரை அந்த அமிலத்தக் கொறச்சுரும். கார்பனேட்டு சிலருக்கு மலத்தையும் இறுக்கும். எதுக்கும் டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க." இனியாவின் கை கார்பனேட் டப்பாவின்மேல் இருந்தது, கட்டை விரல் அளவு மாத்திரை, அந்தத் தொண்டையில் இறங்காது, இறங்கினாலும் இறுக்கும், இறுகட்டுமே... எடுத்துக்கொண்டு போனால் யாருக்குத் தெரியும், கால்சியம் கால்சியம்தானே, மருமகள் வாங்கித்தான் கொடுத்தாள் என்று ஊர் சொல்லும். வேலனைக் கூப்பிட்டாள். "ஏதோ ஒண்ண வாங்கிட்டு வா இனியா, இதுக்குப் போயி போனா?" என்று வைத்துவிட்டான். பெற்ற தாயின் எலும்பு, ஏதோ ஒன்று! அவன் உடனே அம்மாவிடம் சொல்லியிருப்பான், அடுத்த நிமிடமே வீட்டிலிருந்து அழைப்பு, பாவாத்தாளேதான். "ஏன் அம்மணி, சுண்ணாம்பு மாத்திரையா வாங்கறே? எனக்கொண்ணும் வேண்டாம். என்னையக் கட்டில்லயே வெச்சு முடிச்சுப்போடலாம்னு பாக்கறே." பின்னால் மிக்சர் கொறிக்கும் சத்தம், வேறு யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள், அவர்கள் கேட்கத்தான் இந்தப் பேச்சு. இனியா பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்கத்தை, வாரேன்" என்று மட்டும் சொன்னாள். டாக்டரின் உதவியாளரைப் போனில் கூப்பிட்டாள், அவர் உள்ளே கேட்டுவந்து, சிட்ரேட்டே கொடுக்கலாம் என்றார். சிறிய மாத்திரையாக இருக்கிறதா என்று குல்சுமிடம் தன் வாயே கேட்டது இனியாவின் காதில் விழுந்தது, இதை எதற்குக் கேட்டோம்?

"மாமியார நல்லாப் பாத்துக்கறீங்கக்கா" என்று குல்சும் பையை நீட்டினாள். பாத்துக்கறேனா, நானா? அவளைக் கண்டாலே வயிறு எரிகிறது, அன்பும் இல்லை ஒரு மண்ணும் இல்லை... ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, தடாகம் ரோடு சிக்னலில் வந்து நின்றபோதுதான் சிறிய மாத்திரை கேட்டது எதற்கென்று பிடிபட்டது. அவள் எழ வேண்டும், அவ்வளவுதான். படுத்துக் கிடப்பவளைத் திருப்பி ஒரு சொல் சொன்னாலும் பாவி நான், எத்தனை வருசத்துப் பதில் நெஞ்சில் அடைத்து நிற்கிறது, அவள் தன் இரண்டு காலில் சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்து நிற்கட்டும், அன்றைக்கு இருக்கிறது. அந்த நாளை மனதுக்குள் நடத்திப் பார்த்தாள். பாவாத்தாள் வந்து நின்றாள், கொண்டையை இறுக்கினாள், ஆரம்பித்தாள், "ஏன் அம்மணி..." என்று அவள் சொல்லப்போவது முழுவதும் ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது, அந்த இழுப்பு, அந்த மூக்குச் சீறல்கூட. முடித்துவிட்டு மருமகளின் பதிலுக்காகக் காத்து நின்றாள். இனியா வாயைத் திறந்தாள்... என்ன சொல்ல இருந்தோம்? இத்தனை வருசம் சேர்த்து வைத்தோமே, எங்கே போனது எல்லாம்? பச்சை விழுந்திருந்தது, பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.