அறுபது மீட்டர்

அந்த முதியோர் இல்லத்தின் நடைவழி எங்கும் முடியாது. வட்டமாகச் சுற்றி வரும். நினைவு தப்பியவர்கள் பூட்டிய கதவில் முட்டிக் கலங்கக் கூடாது என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு சுற்று அறுபது மீட்டர். என் கணவர் ஐவின் அதில் நாள் முழுக்க நடக்கிறார், வீட்டுக்கு.

முப்பத்தோரு வருடம் பெர்கன் நகரின் மேட்டுத் தெருக்களில் மழையில் நனைந்து தபால் கொடுத்தவர். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மாலையில் அவருடைய ஈரக் காலணிகளைக் கழற்றிவிட்டுப் பாதங்களைத் துடைக்கும்போது சீண்டுவேன். "பதினாலு கிலோமீட்டர் தொலைவு நடந்திருக்கே. கெளம்புன எடத்துக்கே வந்துட்டே. இடப்பெயர்ச்சி பூஜ்யம்."

"அந்தப் பூஜ்யத்துக்குத்தானே டீச்சர் உன்னைக் கட்டிக்கிட்டேன்" என்பார்.

நேற்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. வீட்டில் டீச்சர் காத்திருப்பாள், உருளைக்கிழங்கு ஆறிவிடும் என்று அவசரப்பட்டார். ஏழாவது சுற்றில் அதே சிவப்புப் பூந்தொட்டி வந்தபோது கேட்டார்: "இன்னும் எவ்ளோ தூரம் இருக்கும்மா?"

காலையில்தான் வகுப்பில் இடப்பெயர்ச்சிப் பாடத்தை நடத்தியிருந்தேன். தவறைத் திருத்தாமல் விட எனக்கு வராது.

"நாம எங்கயும் போகலை. அதே எடத்தைத்தான் சுத்திக்கிட்டு இருக்கோம்."

அவர் நின்றார். பூந்தொட்டியைப் பார்த்தார், சுவரைத் தொட்டார். பிறகு சத்தமில்லாமல் அழுதார். முப்பத்தேழு வருட மணவாழ்க்கையில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அப்போ அவ தனியா இருப்பாளே."

உண்மையே பேச வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அங்கே வேலை பார்க்கும் சுன்னிவா ஒரு துண்டோடு வந்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மண்டியிட்டு, காலணிகளைக் கழற்றினாள். "என்னா மழை பாருங்க. காலெல்லாம் நனைஞ்சு போச்சே" என்று காய்ந்த பாதத்தைத் துடைத்தாள். அழுகையை நிறுத்தி, அவர் மற்ற காலையும் நீட்டினார். எனக்குத் தோன்றாத இரக்கத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த ஆண்டவரை நினைத்துக்கொண்டேன்.

இன்று நானும் வீட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் போனேன். வளைவில் வந்தவரை உட்காரவைத்து விரலிடுக்குவரை துடைத்தேன். அவர் என் தலையைத் தொட்டார்.

"நல்லாயிரும்மா. நான் வரட்டா? வீட்ல காத்திருப்பா."

காலணியை மாட்டி, கயிற்றைக் கட்டிவிட்டேன். அவர் நடந்து வளைவில் மறைந்தார். காய்ந்த துண்டை மடியில் விரித்து, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.