நேராக வீட்டுக்குப் போகிறவள்

ரெமிஹியாவுக்கு இந்த வருடம் அழுகையே வரவில்லை. வருடாந்திர நினைவு நாளன்று பம்பாங்கா விமானத் தளத்து மைதானத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. மலையில் மோதி நொறுங்கிய ராணுவ விமானத்தில் போன பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து மணி அடித்தார்கள். மகன் டெல்ஃபினின் பெயர் வந்தபோது அவள் செருப்புக்குள் புகுந்த கல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். எத்தனை வருடம்தான் ஒரே இடத்தில் நின்று ஒரே அழுகையை அழுவது?

திரும்பும் வழியில் அவர்கள் ஏறி வந்த ஜீப்னி வண்டி கஞ்சிக் கடை முன்னால் நின்றது. செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. நடுவில் எங்காவது இறங்கி எதையாவது வாயில் போட்டுக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் வீடு வரை பின்னாலேயே வந்துவிடுவார். எல்லோரும் இறங்கினார்கள். ரெமிஹியா இறங்கவில்லை, அவள் என்றைக்கும் இறங்கியதில்லை.

"இந்த வருஷமும் ஆரம்பிச்சிட்டியா?" நாத்தனார் லொய்தா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஒரு வாய் கஞ்சி குடிச்சா குடி முழுகிடுமா?"

"எனக்குப் பசிக்கல."

"பசிக்காகவா இறங்கறோம்? அவன் வீட்டுக்கே வந்து நின்னா என்னடி பண்ணுவ?"

"சோறு போடுவேன். நீ போ."

லொய்தா தலையில் அடித்துக்கொண்டு போனாள். ரெமிஹியா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சவப்பெட்டியை மூடி முத்திரை வைத்துத்தான் கொடுத்தார்கள், திறக்கவே கூடாது என்றார்கள். உள்ளே இருந்தது தன் பிள்ளைதானா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அவனே பின்னால் வந்து வாசலில் நின்றால் கேட்டுவிடலாம் அல்லவா? அதனால்தான் நேராக வீட்டுக்குப் போகிறாள், கதவைத் திறந்து பிடிக்கிறாள், பூண்டுச் சோறும் வறுத்த கருவாடும் எடுத்து வைக்கிறாள். எறும்புதான் வருகிறது. கை வலிதான் மிச்சம்.

ஜீப்னியின் கோடியில் இன்னொருத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். தோமசா, விமானத்தை ஓட்டிய அர்செனியோவின் அம்மா. பிசகு அவனுடையதுதான் என்று விசாரணையில் சொன்ன நாளிலிருந்து அவளோடு யாரும் பேசுவதில்லை. இன்று பஸ்ஸைத் தவறவிட்டு நின்றவளை ஓட்டுநர்தான் பாவம் பார்த்து ஏற்றிக்கொண்டான். அந்த அர்செனியோவைச் சபிக்காமல் ரெமிஹியா ஒரு ஜெபத்தையும் முடித்ததில்லை.

"நீங்க இறங்கலையா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"நான் போனா அவங்க எழுந்து போயிடுவாங்க. சாப்பிடட்டும், பாவம். நான் அப்புறம் சர்ச்சுல, சந்தையில, ரொட்டிக் கடையில எல்லாம் நின்னு நின்னுதான் வீட்டுக்குப் போவேன்."

"அத்தனை இடமா? பெத்த பிள்ளைக்கு அவ்வளவு பயமா?"

"அவனுக்குப் பயந்து இல்லம்மா. எங்க வீட்டுச் சுவத்துல கொலைகாரன்னு கரியால எழுதறாங்க. அழிக்க அழிக்க எழுதறாங்க. வந்தான்னா படிச்சிடுவான்."

ரெமிஹியா தன் கோபத்தைத் தேடினாள். அது இருந்தது. எழுந்து நிற்கத்தான் அதற்குத் தெம்பில்லை.

"அப்ப அவன் எங்கதான் போவான்?"

"தெரியல. அதுதான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது."

மற்றவர்கள் கஞ்சியின் இஞ்சி மணக்க வந்து ஏறினார்கள். வண்டி ரெமிஹியாவின் சந்து முனையில் நின்றது. இறங்கியவள் திரும்பித் தோமசாவைப் பார்த்தாள்.

"இறங்குங்க."

"இங்கேயா?"

"இங்கதான். எங்க வீட்டுச் சுவத்துல ஒண்ணும் எழுதியிருக்காது."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" லொய்தா கத்தினாள். "உன் பிள்ளையைக் கொன்னவனோட அம்மாடி இவ!"

"எனக்குத் தெரியாதா? வெயில்ல கத்தாத, மயக்கம் வந்துடும்."

சந்துக்குள் நடக்கும்போது ரெமிஹியா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பில்ல."

"சரிம்மா," என்றாள் தோமசா.

வீட்டு வாசலில் ரெமிஹியா வழக்கம்போலக் கதவைத் திறந்து பிடித்தாள். "டெல்ஃபின், வாடா," என்றாள். அனல் காற்று உள்ளே வந்தது, பக்கத்து வீட்டுக் கோழி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒவ்வொரு வருடமும் இவ்வளவுதான். தோமசா தயங்கித் தயங்கி உள்ளே வந்து, மரியாதைக்குக் கதவைச் சாத்தப் போனாள்.

"மூடாதீங்க. உங்க பையன் இன்னும் வரல."

தோமசா வெறும் வாசலைப் பார்த்தபடி நின்றாள். அவள் கூப்பிடுவாள் என்று பொறுத்துப் பார்த்துவிட்டு ரெமிஹியாவே கூப்பிட்டாள். இத்தனை வருடமாகச் சபிப்பதற்கு மட்டுமே எடுத்த பெயர் அது.

"அர்செனியோ, உள்ள வாப்பா. வெயில்ல நிக்காத."

கை வலித்தது. கையை மாற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.