கப்பலுக்குப் பல் பிடித்துப் பார்த்தவள்

கேஸ்கா அன்றைக்குக் கிளம்பியதே கப்பல் வாங்குவதற்கு அல்ல, வாங்கவிடாமல் தடுப்பதற்கு. இதை அவள் கணவன் ஏவர்ட்டிடம் ஒளிக்கவும் இல்லை. சுட்ஃபன் ஊரில் வீட்டுக் கதவைப் பூட்டும்போதே சொல்லிவிட்டாள். ஹேஹ் ஏரித் துறையில் காரை நிறுத்தும்போது இன்னொரு தரமும் சொன்னாள்.

"பாக்கறதுக்குத்தான் வந்திருக்கோம். பாத்துட்டுப் போயிடுவோம். வாயத் திறந்து நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னே, நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிடுவேன்."

"சரி."

"சரிங்கறே, கண்ணு மட்டும் அங்கயே இருக்கே!"

முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் ஏவர்ட். உலகத்து நதிகளையெல்லாம் பலகையில் வரைந்து காட்டியிருக்கிறான். ஒன்றிலும் கால் நனைத்தது கிடையாது. போன வருஷம் ஓய்வு பெற்றதிலிருந்து பிடித்தது பைத்தியம். சாயங்காலம் ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்து, விற்பனைக்கு வந்த பழைய பாய்க்கப்பல்களின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். ஒருகாலத்தில் கரியும் கிழங்கும் ஏற்றிக் கால்வாய் கால்வாயாகப் போன தட்டையடிக் கப்பல்கள். அதில் ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்க வேண்டுமாம்.

வாங்கலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் வீட்டை விற்றால்தான் வாங்கலாம். கேஸ்கா தன் கையால் ஓடு பதித்த சமையலறை, பின்னால் பேரிக்காய் மரம், வாரத்தில் மூன்று நாள் முதுகுவலிக்காரர்களையும் முட்டிவலிக்காரர்களையும் படுக்கவைத்து அமுக்கிச் சரிசெய்கிற முன்னறை, எல்லாம் போய்விடும். அதைக் கொடுத்துவிட்டு, நிமிர்ந்தால் தலை இடிக்கிற கூரைக்குக் கீழே குடித்தனம் பண்ணச் சொன்னால் எவள் பண்ணுவாள்? அந்த வீட்டை விடக்கூடாது என்ற ஒரே தீர்மானத்தோடுதான் அவள் துறையில் இறங்கி நடந்தாள்.

விற்பவர் பெயர் வொப்பே. எழுபத்துநாலு வயது, மரக்கட்டைச் செருப்பு, சட்டைப் பைக்குள் ஒரு பென்சில். கப்பலின் பெயர் 'நினைக்கவேயில்லை'. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றில் செய்த இரும்புக் கப்பல், பத்தொன்பது மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி தொங்குகிற பெரிய பலகைகள்.

"ஏன் விக்கறீங்க?" என்று கேட்டாள் கேஸ்கா.

"முட்டி ரெண்டும் போச்சும்மா. கப்பலுக்கு முட்டி வேண்டாம், எனக்கு வேணுமே."

"அடடா!" என்றான் ஏவர்ட், கப்பலைப் பார்த்தபடி. "என்ன அழகு! என்ன அழகு!"

கேஸ்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் பொல்ஸ்வார்ட் ஊர் மாட்டு வியாபாரியின் மகள். சின்ன வயதில் வெள்ளிக்கிழமை தோறும் லேவார்டன் சந்தையில் அப்பாவோடு நின்றவள். விற்கிறவன் காதுபடப் பசுவைப் புகழ்கிற ஆளை மனிதனாகவே மதிக்காத குடும்பம். வாங்கப்போவதே இல்லையே, இவன் புகழ்ந்தால் இவளுக்கு என்ன? அதைத்தான் அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் கார்ச் சாவியை எடுத்துக் கப்பலின் விலாவில் தட்டிக்கொண்டே போனாள்.

"இங்க சத்தம் மந்தமா இருக்கே. இரும்பு மெலிஞ்சுபோச்சா?"

"உள்பக்கம் கிழங்கு மூட்டை இருக்கும்மா. அது மேல தட்டறே."

"இது துரு."

"இருக்கும். நூத்திருபது வருஷம் தண்ணியில கிடந்தா உனக்கும் பிடிக்கும்."

"தளம் பிசுபிசுங்குது."

"நேத்துதான் தார் பூசினேன்."

"ஓட்டைய மறைக்கத்தானே?"

வொப்பே அவளை ஒருமுறை மேலும் கீழும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

இயந்திரத்தைப் போட்டுத் துறையை விட்டு வெளியே வந்தார்கள். ஏரி விரிந்த இடத்தில் கிழவர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். மூன்று பேரும் கயிற்றை இழுக்க, பழுப்புநிறப் பாய் கடகடவென்று மேலே ஏறியது. காற்று அதில் நிரம்பியதும் அத்தனை பெரிய இரும்புக் கப்பல் சத்தமே இல்லாமல் நகர ஆரம்பித்தது. பக்கவாட்டில் தண்ணீர் சலசலக்கிற ஒலி மட்டும்தான். கேஸ்காவின் கழுத்தில் வெயில் பட்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடித்துவிட்டதே என்பதுதான் பிடிக்கவில்லை.

சுக்கான் கட்டையை ஏவர்ட் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பைக் கேஸ்கா பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்றோ! கல்யாணத்தன்று கூட இத்தனை பல் தெரியவில்லை.

"திருப்பறப்போ ஒரு பலகைய எறக்கணும், மத்ததத் தூக்கணும்" என்றார் வொப்பே. "எந்தப் பக்கம்னு வாத்தியார் சத்தம் போட்டுச் சொல்லட்டும். நீ பலகைக் கயித்து உருளையச் சுத்தும்மா. இல்லேன்னா காத்து நம்மளக் கரைக்குத் தள்ளிட்டுப் போயிடும்."

இதில் என்ன கஷ்டம்? இடது அல்லது வலது. சின்னக் குழந்தை சொல்லும். ஆனால் ஏவர்ட்டுக்குப் படபடப்பு வந்தால் பள்ளிக்கூடம்தான் வாயில் வரும்.

"திரும்பறேன்!" என்று கத்தினான். "தென்மேற்குப் பலகைய எறக்கு!"

"எது?"

"தென்மேற்கு!"

"எது தென்மேற்கு, என் தலையா? எடதா வலதா சொல்லுடா!"

"கப்பல் திரும்பிட்டு இருக்கு, இப்போ அது தெற்கு!"

கேஸ்கா கையில் கிடைத்த உருளையைச் சுற்றினாள். அது தப்பான உருளை. இரண்டு பலகையும் மேலே நின்றன. 'நினைக்கவேயில்லை' பக்கவாட்டில் நழுவி நழுவிப் போய், சர்ர்ரென்று நாணல் காட்டுக்குள் புகுந்து நின்றது. இரண்டு வாத்துகள் திட்டிக்கொண்டே வெளியேறின. பாயை இறக்கிவிட்டுப் பார்த்தால் சுற்றிலும் ஆள் உயரத்துக்கு நாணல்.

ஏவர்ட் வெளிறிப்போனான். "உடைஞ்சிருச்சா?"

"அடி தட்டைதானே, சேத்துல சுகமா உக்காந்திருக்கு" என்றார் வொப்பே. "அப்புறமா கழியால தள்ளினா வந்துடும். முதல்ல காப்பி."

குடுவையிலிருந்து மூன்று கோப்பை காப்பி ஊற்றினார். பிஸ்கெட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுத்து மூடினார். பிறகு ஏவர்ட் பக்கம் திரும்பினார்.

"எழுபத்தெட்டாயிரம் யூரோ, வாத்தியாரே. என்ன சொல்றீங்க?"

"என்னைக் கேட்டா நியாயமான வெலையாத்தான்..." என்று தொடங்கினான் ஏவர்ட்.

"எழுபத்தெட்டா!" என்று கேஸ்கா எழுந்தேவிட்டாள். "இந்தத் துருவுக்கா? யார் தலையில மொளகா அரைக்கப் பாக்கறீங்க?"

சொன்னது அவள் ஊர் பிரீஸிய பாஷையில். இருபது வருஷமாகப் பேசாத பாஷை, தானாக வந்து விழுந்தது. ஏவர்ட்டுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது.

கிழவரின் முகம் மலர்ந்துபோயிற்று. அவரும் அதே பாஷைக்குத் தாவினார். "அப்பவே நெனைச்சேன், மாட்டுப் பல்லப் பிடிச்சுப் பாக்கற கை இதுன்னு! யார் பொண்ணு நீ?"

"பொல்ஸ்வார்ட். மாட்டு வியாபாரி ஹெரின் பொண்ணு."

வொப்பே கோப்பையைக் கீழே வைத்தார். உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தார். கையை நீட்டினார்.

அவர்கள் பக்கத்தில் பேரம் என்றால் கையில்தான். விலை சொல்கிறவர் எதிராளியின் உள்ளங்கையில் ஓங்கி ஒரு அடி. அவர் மறுவிலை சொல்லித் திருப்பி ஒரு அடி. படியாத வரை அடி. படிந்தால் அடித்த கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் முடிந்தது, அதற்கு மேல் பத்திரம், கையெழுத்து எல்லாம் சும்மா ஒரு சடங்கு.

"ஐம்பது!" என்று அடித்தாள் கேஸ்கா.

"அம்மாடி!" என்று கையை உதறினார் வொப்பே. முப்பது வருஷம் முதுகு அமுக்கிய கை, லேசாக இருக்குமா? "எழுபத்தாறு!"

"ஐம்பத்திரெண்டு! பாயில ஒட்டு போட்டிருக்கு!"

"ஒட்டு இல்ல, அது பாயோட நம்பர்! எழுபத்திநாலு!"

"போங்க, உங்க கப்பலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்!"

கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துபோக வேண்டும், அதுதான் முறை. நாணலுக்குள் மாட்டிய கப்பலிலிருந்து எங்கே போவது? கப்பலின் முன்தலை வரை போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு வாத்துகளைப் பார்த்தாள்.

"திரும்பி வாம்மா" என்றார் கிழவர். "எழுபது!"

வந்தாள். அடித்தாள். இன்னும் ஒருமுறை கோபித்துக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள். ஏவர்ட் இரண்டு பேருக்கும் நடுவில் புகலாமா வேண்டாமா என்று தவித்தான். அவன் கண்ணுக்கு அது கைகலப்பு. அவளுக்கோ கன்னம் சிவந்து, தலைமுடி அவிழ்ந்து, பதினெட்டு வயது திரும்பிவிட்டது. இந்தக் கிழவரைப் பிழிந்து எடுத்தாலொழிய விடுவதில்லை என்ற வெறி.

"அறுபத்தொண்ணு. அடுப்பு, நங்கூரம் ரெண்டும் அதிலயே சேத்தி."

"அடுப்பா?"

"கிழங்கு மூட்டையும்!"

"அடிப்பாவி, கிழங்குமா?" வொப்பே வானத்தைப் பார்த்தார். "சரி, தொலையட்டும். அறுபத்தொண்ணு!" என்று அடித்தார். இருவரும் கையை விடவில்லை.

ஜெயித்துவிட்டாள்! பதினேழாயிரம் குறைத்துவிட்டாள்! அப்பா இருந்தால் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

கிழவர் ஏவர்ட் பக்கம் திரும்பி அவன் பாஷையில் சொன்னார்: "வாழ்த்துகள் வாத்தியாரே! உங்க பெண்டாட்டி கப்பல வாங்கிட்டா."

ஏவர்ட்டின் வாய் பிளந்தது. அப்போதுதான் கேஸ்காவுக்கு உறைத்தது. ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டாள்! சமையலறை போயிற்று, பேரிமரம் போயிற்று. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் கெஞ்சவில்லை, தன் கையாலேயே அடித்து அடித்துத் தொலைத்துவிட்டாள். தளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஏவர்ட் அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் தொண்டையைக் கனைத்தான்.

"வொப்பே, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. அவ ஒண்ணும் வாங்கல. ஈ அடிச்சா."

"ஈயா?"

"ஆமா. உங்க கையில ஒரு ஈ."

"பன்னெண்டு தடவ அடிச்சாளே?"

"அது... ரொம்பப் பிடிவாதமான ஈ."

அவன் காது இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. ஒருதரம் பஸ்ஸில் சீட்டு வாங்க மறந்துபோய், வீட்டுக்கு வந்து பஸ் கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதமும் சீட்டுப் பணமும் அனுப்பிய மனிதன் இவன். வாழ்நாளில் முதல் பொய், அதுவும் தான் ராப்பகலாக ஆசைப்பட்ட கப்பல் கைக்கு வந்து விழுந்த அந்த நிமிஷத்தில், அதைத் தூக்கி எறிவதற்காக.

வொப்பே சிரிக்கவில்லை. கேஸ்காவின் பக்கம் குனிந்து, அவர்கள் பாஷையில் மெல்லக் கேட்டார்.

"பொண்ணே, அவர் சொல்றது எனக்குப் பேச்சு இல்ல. கை உன்னோடது. நீ ஈன்னு சொன்னா ஈதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், மனசுல வெச்சுக்கவும் மாட்டேன். சொல்லு."

ஒரு சொல் சொன்னால் போதும். வீடு திரும்பி வந்துவிடும். சாயங்காலம் பேரிமரத்தடியில் உட்காரலாம். உள்ளே ஏவர்ட் கணினியில் படம் பார்த்துக்கொண்டிருப்பான், அவளிடம் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டான், சாகிற வரைக்கும் அந்த ஈயைப் பார்த்ததாகவே சாதிப்பான். அதை நினைத்ததும் அவள் தளத்தைவிட்டு எழுந்தாள். இப்படிப்பட்ட ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு ஒரு சமையலறைக்காகவா அழுவது?

"ஈயும் இல்ல, கொசுவும் இல்ல" என்றாள், ஏவர்ட்டுக்கும் புரியட்டும் என்று அவன் பாஷையிலேயே. "நான்தான் அடிச்சேன். நான்தான் வாங்கினேன்."

"கேஸ்கா, வீடு..."

"வீட்ட நான் விக்கறேன். நீ கிட்டயே வரக்கூடாது. வாங்க வர்றவன்கிட்ட கூரை ஒழுகுதுன்னு நீயே போய்ச் சொல்லிடுவே."

ஏவர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். கேஸ்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். தளத்தோரம் கிடந்த நீளக் கழிகளில் ஒன்றை வொப்பே எடுக்கப் போனார். அவள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு மற்றதை ஏவர்ட்டின் கையில் திணித்தாள்.

"அழுதது போதும், தள்ளு" என்றாள். "நம்ம கப்பல் சேத்துல கிடக்கு."