கறுப்பு இன்வேடர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அப்பா டெல்பர்ட்டுக்குப் போர் விமானப் பொம்மைகள்தான் உலகம். டேட்டனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. எல்லாம் உலோகத்தில் வார்த்தவை. கையில் எடுத்தால் கனக்கும். அம்மா போக்சூன்தான் ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி துடைப்பாள். போர் முடிந்து பல வருஷம் கழித்து, கொரியாவில் அமெரிக்க விமானப்படையிலிருந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள் அவள்.

"உன் விமானப்படையில சம்பளமில்லாத சிப்பாய் நான்தான்" என்று அவரைச் சீண்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். அப்பா புதிதாக வந்திருந்த பெட்டியைப் பிரித்து, கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு விமானத்தை வைத்தார். கொரியப் போரில் பறந்த இன்வேடர் என்ற குண்டுவீச்சு விமானம். திறந்த வயிற்றுக்குள் குண்டுகள். மூக்கில் துப்பாக்கிக் குழல்கள்.

"பாரு ஜெனைன், என்ன அழகு!"

அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். "டெல், அத எடு."

"பொம்மைதானே, கடிச்சிடுமா?"

"எடுன்னா எடு!"

அம்மாவின் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அப்பா விமானத்தை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா நின்றபடியே சொன்னாள்.

"ஊரே தெக்கால ஓடுது. உறைஞ்ச ஆத்து மேல நடந்துக்கிட்டிருந்தோம். அம்மா முதுகுல தம்பியக் கட்டியிருந்தா. இதே மாதிரிதான் தாழ வந்துச்சு. மூக்குல நெருப்பு. பனி உடைஞ்சு ரெண்டு பேரும் உள்ள போயிட்டாங்க. எனக்கு ஒம்பது வயசு."

பாட்டி காய்ச்சலில் செத்ததாகத்தான் அம்மா எனக்கு அதுவரை சொல்லியிருந்தாள்.

"எப்போ?" என்றார் அப்பா.

"வடக்குக்காரங்க கையில சியோல் ரெண்டாந்தடவ விழுந்துச்சே, அந்தக் குளிர்ல."

அப்பாவின் முகம் வெளுத்தது. "அந்தக் குளிர்ல நான் விமானத் தளத்துலதான் இருந்தேன். இதுங்களுக்குத் தோட்டா ஏத்துறதுதான் என் வேலை" என்றார்.

"லாரி ரிப்பேர்னு சொன்னியே."

"சொன்னேன். ஒரு கொரியாப் பொண்ணுகிட்ட வேற எப்படிச் சொல்றது? எத்தனையோ விமானம் போச்சு, போக்சூன். நான் ஏத்துனதுதான்னு இல்ல."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்லி அவர் தட்டில் சோறு போட்டாள். யாரும் சாப்பிடவில்லை.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அம்மா என் பழைய அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். அப்பா அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். "நான் கேக்கலியே" என்றாள் அவள், அவ்வளவுதான்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. அம்மாதான் ஊட்டினாள், குளிப்பாட்டினாள், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள். ஒருநாள் நான் கேட்டேன்: "மன்னிச்சிட்டியாம்மா?"

"துண்ட எடு. தண்ணி ஆறுது."

அப்பாவின் அடக்கத்தன்று இரண்டு சிப்பாய்கள் சவப்பெட்டி மேலிருந்த தேசியக் கொடியை மடித்தார்கள். ஒருவன் அம்மாவின் முன் மண்டியிட்டு, நாட்டின் நன்றியைச் சொல்லிக் கொடியை நீட்டினான். அம்மா மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. கடைசியில் நான்தான் வாங்கிக்கொண்டேன்.